புகைபோக்கியுள்ள விறகடுப்பை வீட்டில் அமைக்கும் முறை

சமையலுக்கு எரிவாயு வந்துவிட்ட பின்னரும், நம் கிராமத்துக் குடியானவர் வீடுகள் பலவற்றில் வெந்நீர் காய்ச்சவும், நெல் அவிக்கவும் விறகடுப்பு எரிந்துகொண்டுதானிருக்கிறது. மிலாறும் தென்னைமட்டையும் தோட்டத்திலேயே கிடைப்பதால் அதைக் கைவிடுதல் எல்லோர்க்கும் இயலாது. ஆகவே அதனை அபாயமின்றி அமைத்துக்கொள்ளும் முறையை அறிதல் அவசியம்.

விறகடுப்பால் விளையும் தீங்கு இருவகைப்படும். ஒன்று புகை, மற்றொன்று தீ. புகையிலுள்ள நுண்ணிய துகள்கள் நுரையீரலிற் படிந்து இருமலையும் இளைப்பையும் உண்டாக்குகின்றன. குழந்தைகளுக்கு நிமோனியா காணவும் காரணமாகின்றன. கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவோ நிறமும் மணமும் அற்றது. ஆதலால், புகை தெரியாவிடினும், தணல் நிறைந்த அடுப்புள்ள அறையை அடைத்துக்கொண்டு உறங்குதல் உயிருக்கே ஆபத்தாகும்.

புகையை வெளியேற்றும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் வகுத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953-ல் வெளிவந்தது. 1983-ல் இந்திய அரசாங்கம் இதனைத் தேசீயத் திட்டமாகத் தொடங்கி, லட்சக்கணக்கான அடுப்புகளை நிறுவிற்று. எனினும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. புகைபோக்கியைச் சரிவர அமைக்காமையும் துடைக்காமையும் அதற்கு முக்கிய காரணங்களாம். அடுப்பின் உயிர் புகைபோக்கியிலேயே இருக்கிறது.

1. இடம்: மரத்தூண், கதவு, விறகுப் பரண் ஆகியவற்றினின்றும் விலகி, மண் அல்லது செங்கற் சுவரோரமாக அடுப்பைப் போடுக. புதுக்காற்று வருவதற்குச் சாளரம் ஒன்று திறந்திருத்தல் வேண்டும்.

2. அடுப்பு: களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து பிசைந்து கட்டுக. வெடிப்பின்றி நிழலில் நன்றாக உலர்ந்த பின்னர், முதலிற் சிறு தீயாக எரிக்க வேண்டும். பாத்திரம் அடுப்பின் வாயில் இடைவெளியின்றிப் பொருந்துதல் அவசியம். கொடியடுப்பாயின், பாத்திரம் இல்லாத வாயை மூடிவைக்க வேண்டும்.

3. புகைபோக்கி: 4 அங்குல விட்டமுள்ள சுட்ட மண்குழாய் சிலாக்கியமானது. முன்னாளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்கள் வழங்கிவந்தன. அவற்றின் தூள் நுரையீரலுக்குக் கொடியதாகையால் அவற்றை வாங்கலாகாது. பழைய குழாய் இருப்பின், அதனை அறுப்பதும் துளையிடுவதும் கூடாது. குழாயை வளைவின்றி நேராக நிறுத்தி, இணைப்புகளை மண் பூசி அடைத்து, கூரை முகட்டிற்கு மேல் 2 அடியேனும் உயர்த்துக. உச்சியில் மழை புகாமல் மூடி வேண்டும். அது புகையைத் தடுத்தலாகாது.

4. கூரை: பெரிதும் கவனிக்கத்தக்கது இதுவே. குழாய்க்கும் கைமரத்திற்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விட்டு, அவ்விடத்தைத் தகரத் தகட்டால் மூடுக. ஓலைக்கூரையினூடே குழாயைச் செலுத்துதல் கூடவே கூடாது. ஒரு பொறி போதும், வீடே சாம்பலாகும். அத்தகைய வீட்டார் சமையற்கட்டின் மேல் மட்டுமாவது ஓடு வேய்ந்துகொள்ளுதல் உத்தமம்.

5. சோதனை: சிறிது வைக்கோலைக் கொளுத்திப் பாருங்கள். புகை குழாய் வழியே மேலேறினால் அமைப்புச் சரி. அடுப்பின் வாய் வழியே திரும்பினால் குழாயில் அடைப்போ இணைப்பில் கசிவோ உண்டு. அதனை நீக்கிய பின்னரே உபயோகிக்கலாம்.

6. பராமரிப்பு: ஈரவிறகு அதிகப் புகையையும் கரியையும் விளைவிக்கும்; படிந்த கரி தானே தீப்பற்றவுங்கூடும். எனவே விறகைப் பிளந்து, பல மாதம் உலர்த்தி எரியுங்கள். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும்போது, கழியின் நுனியிற் சாக்கைக் கட்டிக் குழாயைத் துடைத்துவிடுங்கள்.

இவ்வேலைக்குச் செலவு சொற்பம். வயலின் வாய்க்காலைத் தூர்வாரத் தவறாத குடியானவர், தம் வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளும் மூச்சுவிடும் வழியையும் அவ்வாறே காத்துவருதல் கடனாகும்.