கழுத்தெலும்பின் துளைகள்

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் பாடநூலில் கழுத்து முள்ளெலும்புகள் ஏழிலும் இருபக்கமும் பக்கத்துக்கு ஒரு துளை, அச்சில் வார்த்தாற்போல் வரைந்திருப்பார்கள். நிஜ எலும்பில் அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு துளை வட்டமாக இருந்தால் எதிர்ப்பக்கத்தது நீள்வட்டமாக இருக்கலாம். ஆறாம் எலும்பைத் திருப்பிப் பார். சிலவற்றில் பெரிய துளைக்குப் பின்னால், மெல்லிய எலும்புத் தடுப்புக்கு அப்பால், சின்னதாக இன்னொரு துளை தெரியும். ஏழாம் எலும்பில் துளை மிகவும் சிறுத்திருக்கும், அபூர்வமாக இல்லாமலும் போகும். இவற்றைக் குறைபாடு என்று ஒதுக்கிவிடாதே. எலும்பும் ரத்தக் குழாயும் சேர்ந்து வளர்ந்த வரலாறு அங்கே பதிந்திருக்கிறது.

அந்தத் துளையை யாரும் குடையவில்லை. மார்பில் விலா எலும்பாக நீளும் பகுதி, கழுத்தில் குறுகி, முன்பக்கச் சட்டமாக நின்றுவிடுகிறது. அது பின்பக்கச் சட்டத்தோடு இணையும்போது நடுவே ஓடும் குழாய்களைச் சுற்றி எலும்பு மூடிக்கொள்கிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் முள்ளெலும்புத் தமனி பெரும்பாலோருக்கு ஆறாம் எலும்பில் நுழைந்து மேலேறுகிறது. ஏழாவதில் வழக்கமாகச் சிரைகள் மட்டுமே செல்வதால்தான் அதன் துளை சிறியது.

அப்படியானால் துளையை அளந்தே தமனியின் பருமனைச் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். முடியாது. தமனியோடு சிரைகளும் நரம்பிழைகளும் அதே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வளைந்து நெளிந்த தமனி, வயது வந்த பிறகும் எலும்பை அரித்துத் துளையை அகலமாக்கும். இரட்டைத் துளையைக் கண்டதும் தமனியும் இரண்டு என்று முடிவுகட்டுவது அவசரம். காய்ந்த எலும்பு ஐயத்தை எழுப்பும். தீர்த்துவைக்க உயிருள்ளவரின் ரத்தக் குழாய் ஸ்கேன் வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது: இந்த வேறுபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்களே, இதில் என்ன முக்கியம்? அவர்கள் அறுவை மேசைக்கு வராதவரை அது சரிதான். முதல் கழுத்தெலும்பான அட்லஸின் பின்வளைவு மேல் தமனி படுத்துச் செல்ல ஒரு பள்ளம் உண்டு. சிலருக்கு அந்தப் பள்ளத்தின்மேல் எலும்புப் பாலம் வளர்ந்து, பள்ளமே துளையாகிவிடும். பின்னாலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு வளைவு தடிமனாக, திருகு பொருத்தத் தோதாகத் தெரியும். அதை நம்பித் திருகை ஏற்றினால் உள்ளே இருப்பது தமனி. தமனி ஐந்தாம் அல்லது நான்காம் எலும்பில்தான் நுழைகிறது என்றால், அதற்குக் கீழே அது எலும்புக் காப்பின்றி எலும்புக்கு முன்னால் ஓடும். முன்பக்க அறுவையில் கத்தி அதற்கு வெகு அருகில் வரும். அதனால் ஸ்கேனில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே, ஏழாம் எலும்பிலிருந்து அட்லஸ் வரை தமனியைத் தொடர்ந்து பார்த்த பிறகே திருகின் அளவையும் கோணத்தையும் முடிவுசெய்ய வேண்டும்.