சத்தமில்லாமல் வந்துபோன பக்கவாதம்

கேள்வி: அப்பாவுக்கு இப்போதுதான் முதன்முறையாகப் பக்கவாதம். ஸ்கேன் பார்த்த டாக்டரோ, ‘பழைய அடைப்பும் இருக்கிறது’ என்கிறார். எங்களுக்குத் தெரியாமல் அது எப்படி?

பதில்: முதல் பக்கவாதத்துடன் வரும் பலரது எம்.ஆர்.ஐ. படத்தில் இப்படிப் பழைய தழும்பு தென்படுவதுண்டு. மூளையின் ஆழத்தில் நூலிழை மாதிரி ஓடும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, பெரும்பாலும் 15 மில்லிமீட்டருக்கும் குறைவான இடம் செத்துப்போகிறது. கை கால், பேச்சுக்கான பாதை அதில் சிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. லேசான மறதியும் நடைத் தளர்ச்சியும் வந்தால்கூட, ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் வாய்ப்பு நழுவுகிறது.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 60 வயதைத் தாண்டிய ஆயிரம் பேருக்கு மேல் ஸ்கேன் எடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தழும்பு இருந்தது. பின்னாளில் அவர்களுக்குப் பக்கவாதமும் டிமென்ஷியாவும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்று 2003-ல் தெரியவந்தது.

வயதை விட்டால், முக்கியக் காரணம் ரத்தக் கொதிப்பு. சர்க்கரை, புகை, கழுத்து ரத்தக்குழாய்ச் சுருக்கம், தாறுமாறான இதயத் துடிப்பு எல்லாம் அதற்குத் துணை.

அப்பாவின் பி.பி.யை வீட்டிலேயே அளந்து நோட்டில் குறித்து வையுங்கள். உடம்பு தேறிவிட்டதென்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.