கட்டையை வாங்குமுன் சார்ஜரைப் பாருங்க

இயற்கை விவசாயப் பத்திரிகையில் பேட்டரிக் கட்டையைப் பற்றி எதுக்கு எழுதணும்னு சிலருக்குத் தோணலாம். ராத்திரியில் தோட்டத்துக்குப் போகிறவருக்குத் தோணாது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் அப்போதுதான் மோட்டார் போட்டாகணும். வரப்பில் விரியன் கிடக்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேணும். எங்கள் கோம்பை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். மலையை ஒட்டிய தோட்டங்களில் கடலை, மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றி வரும். விஷம் வைக்கிறதும் கம்பியில் கரண்ட் விடுகிறதும் நம்ம வழி இல்லை. அதனால் நாயும் வெளிச்சமும் சத்தமும்தான் நமக்குக் காவல். நாய்க்குக் கோம்பை பேர் போனது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

நம்மிடம் இருக்கிற கைக்கருவிகளை எண்ணிப் பாருங்கள். டார்ச் லைட், நெத்தி லைட், காவல் குடிசையில் கோடைப் பண்பலை பாடுகிற ரேடியோ, மண்ணின் கார அமிலத் தன்மை பார்க்கிற மீட்டர், சான்றளிப்புக்கு வயல் எல்லையை நடந்தே அளக்கிற ஜி.பி.எஸ். கருவி. எல்லாமே செல்லில்தான் ஓடுகின்றன. தீர்ந்தால் வாங்கிப் போடுகிறோம், தீர்ந்த கட்டையை வரப்போரம் எறிகிறோம். மண்ணில் உப்பு உரம் போடமாட்டேன் என்கிற நாமே இதைச் செய்யலாமா? திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற செல்லுக்கு மாறினால் செலவும் குறையும், குப்பையும் குறையும். ஆனால் பல பேர் மாறிவிட்டு, "ஆறு மாசத்துல செத்துப் போச்சுண்ணே, பழைய கட்டையே தேவலை" என்று திரும்பிவிடுகிறார்கள். நான் பார்த்த வரைக்கும் இதில் செல்லின் குற்றம் கொஞ்சம்தான், சார்ஜரின் குற்றம்தான் அதிகம். நல்ல மாட்டை வாங்கி ஒழுகுற தொழுவத்தில் கட்டினால் மாடு என்ன செய்யும்?

வேலைக்குத் தக்க செல்

2023 மே 27ஆம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் 5ஆம் தேதி வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோகும் வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போக எல்லாருக்கும் யோசனைதான். அந்த யானையின் கழுத்தில் கேரள வனத்துறை மாட்டிய ரேடியோ காலர் இருந்தது. யானையைத் தினமும் நிறுத்தி சார்ஜ் போட முடியாதே! அதனால் இப்படிப்பட்ட காலர்களில் ஒரே தடவை தீருகிற, ஆனால் நீண்ட நாள் உழைக்கிற லித்தியம் செல்லைத்தான் வழக்கமாக வைப்பார்கள். வேலையைப் பார்த்து செல்லைத் தேர்ந்தெடுக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம்ம வேலைக்கும் அதே கணக்குதான். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட் மாதிரி கொஞ்சமாக இழுக்கிற சாமானுக்குச் சாதாரண செல்லே போதும். தினம் எரிகிற லைட், நாள் முழுக்கப் பாடுகிற ரேடியோ, ஜி.பி.எஸ். ஆகியவற்றுக்குத்தான் சார்ஜ் செல் லாபம். எப்போதாவது எடுக்கிற மண் மீட்டரில் செல்லைப் போட்டே வைக்காதீர்கள். கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கடையில் கிடைக்கிற மூன்று வகை

ஒன்று, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பென்சில் கட்டை அளவிலும் அதைவிடச் சின்னதாக ரிமோட் கட்டை அளவிலும் வரும். பழைய டார்ச்சில் அப்படியே போடலாம். சாதாரண கட்டை 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். சாதாரண கட்டை 1.5இல் தொடங்கி எரிய எரிய இறங்கிக்கொண்டே வரும். பாதி தீரும்போது அதுவும் 1.2 பக்கம்தான் இருக்கும். இது தீருகிற கடைசி நேரம் வரைக்கும் 1.2 பக்கமே நிற்கும். ஜி.பி.எஸ். கருவியில் செல் வகையைக் குறிக்கிற இடம் இருக்கும். அதில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மாற்றி வைக்காவிட்டால், செல்லில் சரக்கு இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

இரண்டு, லித்தியம் அயான். புதிய டார்ச், நெத்தி லைட்டுகளில் வருகிற 18650 என்கிற செல் இதுதான். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பேர். 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும். முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். வெளிச்சம் அதிகம் வேண்டுமென்றால் இதுதான்.

மூன்று, ஈய அமில பேட்டரி. பிளக் கம்பியோடு வருகிற மலிவு டார்ச், எமர்ஜென்சி லைட் ஆகியவற்றுக்குள் இருக்கிற 4 வோல்ட் பேட்டரி. இதைத் தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால் உள்ளே தகட்டில் உப்பு இறுகி அப்புறம் சார்ஜ் ஏறாது. எரித்த அன்றைக்கே ஏற்றிவிடணும், எரிக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை ஏற்றணும். மலிவு டார்ச் ஒரு வருசத்தில் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அட்டையில் இருக்கிற எண்ணைப் படிப்பது

எம்.ஏ.எச். என்பது செல்லின் கொள்ளளவு, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்பது மாதிரி. 2000 எம்.ஏ.எச். செல், 500 மில்லி ஆம்பியர் இழுக்கிற லைட்டை 4 மணி நேரம் எரிக்கும்; 200 இழுக்கிற லைட்டை 10 மணி நேரம் எரிக்கும். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு செல் போட்டால் வோல்ட்தான் இரண்டு மடங்கு ஆகும், எம்.ஏ.எச். கூடாது.

பென்சில் கட்டை அளவில் 2000 என்றும் இருக்கும், 2500க்கு மேலும் இருக்கும். பெரிய எண்தான் நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். சும்மா வைத்திருந்தாலே செல்லிலிருந்து சார்ஜ் கசியும். பழைய முறையில் செய்த செல் ஒரு மாதத்திலேயே கணிசமாக இறங்கிவிடும். 2005இல் ஜப்பானில் சான்யோ நிறுவனம் கசிவு குறைந்த செல்லைக் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் அந்த முறையில் செய்கின்றன. அவை 1900, 2000 என்று கொஞ்சம் குறைந்த எண்ணோடு வரும். ஆனால் ஒரு வருசம் பெட்டியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். பன்றி வருகிற ராத்திரி நமக்குச் சொல்லிவிட்டு வராது. எடுத்த உடனே எரிகிற செல்தான் நமக்கு வேணும். அட்டையில் 'ரெடி டு யூஸ்', 'லோ செல்ப் டிஸ்சார்ஜ்' என்று இருந்தால் அந்த வகை.

18650இல் வேறு ஒரு ஏமாற்று நடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒரு செல்லைக் காட்டி, "9900 எம்.ஏ.எச். போட்டிருக்கு, விலையும் கம்மிண்ணே" என்றார். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரர்கள் தருவதே 3500ஐ ஒட்டித்தான். அதற்கு மேல் இரண்டு மூன்று மடங்கு எழுதியிருந்தால் அது மைக்கு மட்டும்தான் செலவு. நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 14500 என்று ஒரு லித்தியம் செல் பென்சில் கட்டை அளவிலேயே வரும். ஆனால் அது 3.7 வோல்ட். ரேடியோவிலோ ஜி.பி.எஸ்.ஸிலோ போட்டால் கருவி புகைந்துவிடும்.

சார்ஜர்தான் தொழுவம்

நிக்கல் செல் நிறையும்போது வோல்ட் ஏறி உச்சியைத் தொட்டு, ஒரு சின்ன இறக்கம் காட்டும். கூடவே செல் சுடத் தொடங்கும். அறிவுள்ள சார்ஜர் அந்த இறக்கத்தைப் பிடித்து, போதும் என்று நிறுத்திக்கொள்ளும். மலிவு சார்ஜருக்கு அது தெரியாது. ஒரு ரகம் பிடுங்கும் வரைக்கும் ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு ரகம் மணிக்கணக்கு வைத்து நிறுத்தும். பாதி இருக்கிற செல்லைப் போட்டாலும் முழு நேரமும் ஏற்றும். நடுவில் கரண்ட் போய் வந்தால் அதில் பல சார்ஜர்கள் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஒரு ராத்திரியில் நாலு தடவை கரண்ட் போகிற ஊரில் செல் வெந்துபோகும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான்:

1. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துமா? ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருந்தால் பெரும்பாலும் தனித்தனிதான். இரண்டுக்கு ஒரு விளக்கு என்றால் சோடி சார்ஜர். ஒன்று நிறைந்து மற்றது நிறையாமல் நிற்கும்.
2. எவ்வளவு மில்லி ஆம்பியர் ஏற்றும்? 2000 எம்.ஏ.எச். பென்சில் செல்லுக்கு 500 முதல் 1000 வரை நல்லது. 500இல் ஏற்றினால் ஏறக்குறைய 5 மணி நேரம். அரை மணியில் ஏற்றுகிறேன் என்கிற சார்ஜர் செல்லின் ஆயுளைத் தின்றுவிடும்.
3. எந்த வகை செல்லுக்கு? நிக்கல் சார்ஜரில் லித்தியத்தையோ, லித்தியம் சார்ஜரில் நிக்கலையோ வைக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவானது என்றால் அட்டையில் தெளிவாகப் போட்டிருக்கணும். லித்தியத்துக்கு 4.2 வோல்டில் நிற்கிற சார்ஜர்தான் வேணும்.
4. செத்த செல்லையோ சாதாரணக் கட்டையையோ வைத்தால் கண்டுபிடித்து ஏற்றாமல் விடுமா?

மின்செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2000 எம்.ஏ.எச். பென்சில் செல் ஒன்றில் இருப்பது 2.4 வாட் மணி. நாலு செல் ஏற்ற, வீணாவதையும் சேர்த்து 20 வாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் 1000 வாட் மணி. ஆக, ஒரு யூனிட்டில் 50 தடவை ஏற்றலாம். போட்ட காசு எப்போது திரும்பும் என்று பார்க்க, சார்ஜரும் செல்லும் சேர்ந்த விலையை, ஒரு தடவை சாதாரணக் கட்டை மாற்றுகிற விலையால் வகுங்கள். வருகிற எண்தான், எத்தனை சார்ஜில் கைமுதல் திரும்பும் என்பது. நல்ல செல் பல நூறு தடவை ஏறும்.

சூரிய ஒளியில் ஏற்றுகிறவர்களுக்கு

கரண்ட் இல்லாத காவல் குடிசையில் சின்ன சோலார் தகடு வைத்திருக்கிறவர்கள், நிக்கல் சார்ஜரை நேராகத் தகட்டில் மாட்ட வேண்டாம். மலை மேல் மேகம் வந்து போகும்போதெல்லாம் மின்சாரம் ஏறி இறங்கும். சார்ஜர் அதைப் பார்த்து, செல் நிறைந்துவிட்டது என்று ஏமாந்து நிறுத்தலாம், அல்லது மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம். பகலில் பவர் பேங்கிலோ 12 வோல்ட் பேட்டரியிலோ சேமித்து, சாயங்காலம் அதிலிருந்து செல்லுக்கு ஏற்றுங்கள்.

வளர்க்கிற முறை

ஒன்றாக வாங்கிய செல்களுக்கு ஒரே அடையாளம் போட்டு, ஒன்றாகவே போடுங்கள், ஒன்றாகவே ஏற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் முதலில் தீருகிற செல்லை மற்றவை திருப்பி ஓட்டிக் கெடுத்துவிடும். வெளிச்சம் மங்கிய பிறகும் கடைசிச் சொட்டு வரைக்கும் எரிக்காதீர்கள்.

லித்தியத்துக்கு வெயில் எமன். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரி வரைக்கும் ஏறும், அங்கே டார்ச்சை விட்டுவைக்காதீர்கள். நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உப்பிய செல்லையும் மேல் உறை கிழிந்த செல்லையும் உடனே ஒதுக்குங்கள், குத்திப் பார்க்காதீர்கள். வைக்கோல், சாக்கு, ஓலைப் பக்கம் சார்ஜ் போடவே கூடாது. சிமெண்ட் தரைதான் நல்லது.

செத்த செல் மண்ணுக்குப் போகக் கூடாது

பழைய நிக்கல் காட்மியம் செல்கள் இன்னும் சில பழைய கருவிகளுக்குள் இருக்கின்றன. காட்மியம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானில் தோயாமா பகுதி சாட்சி. சுரங்கக் கழிவிலிருந்து காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலின் நெல்லில் ஏறி, சாப்பிட்டவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுத்தது. மாசால் வந்த நோய்தான் அது என்று 1968இல் ஜப்பான் அரசே ஒப்புக்கொண்டது. அது சுரங்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் உலோகம் எங்கிருந்து வந்தாலும் மண்ணுக்கு ஒன்றுதான். ஒரு தடவை வயலில் இறங்கினால் எந்தப் பஞ்சகவ்யமும் அதைக் கரைக்காது.

தீர்ந்த செல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். லித்தியம் செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். ஈய பேட்டரியை உடைத்து அமிலத்தை ஊற்றுகிறவரிடம் கொடுக்காமல் பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தீர்ந்த பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆளுக்கு நாலு செல் என்றால் யாரும் வாங்கமாட்டார்கள். ஊர்க்குழுவாகச் சேர்ந்து ஒரு டப்பா நிறைத்துக் கொண்டுபோனால் பேசலாம்.

புதுசாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை இது: தனித்தனியாக நிறுத்துகிற நாலு குழி சார்ஜர் ஒன்று, கசிவு குறைந்த பென்சில் செல் எட்டு. நாலு கருவியில் இருக்கும், நாலு ஏற்றித் தயாராக இருக்கும். அமாவாசை அன்று ஏர் பூட்டாமல் வீட்டில் இருக்கிறவர்கள், அன்றைக்கு எல்லா லைட்டையும் எடுத்து எரித்துப் பார்த்து, மங்கினதை ஏற்றி வைத்துவிடுங்கள். மாதத்தில் இருட்டான ராத்திரியும் அதுதானே.