வைஃபை பேக்கப் டிரைவ் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? இதோ 17 குறிப்புகள்

கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல், வரவு செலவுக் கணக்கு என எல்லாவற்றையும் பத்திரப்படுத்த, வீட்டு வைஃபையோடு இணையும் பேக்கப் டிரைவைப் பலரும் வாங்கி வைத்திருக்கிறோம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டிரைவ், திடீரென்று ஒரு நாள் கம்ப்யூட்டரில் காணாமல் போகும். பதறாதீர்கள். டிரைவ் கண்ணில் படவில்லை என்பதால் அதிலுள்ள படங்கள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. பெரும்பாலும் டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் சிக்கல் இருக்கும். மின்சாரத்தில் தொடங்கி, ரவுட்டர், கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் பார்த்து வந்தால் கோளாறு பிடிபட்டுவிடும்.

1. முதலில், செய்யக் கூடாதது. டிரைவின் பின்பக்கத்தில் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். சில மாடல்களில் சில விநாடி அழுத்தினால் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்ஸும் மட்டும் மாறும். கூடுதலாக அழுத்தினால் வேறு விளைவு. உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டைப் படிக்காமல் தொட வேண்டாம். 'ஃபார்மட் செய்யலாமா?', 'புதிதாக அமைக்கலாமா?' என்று திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் வேண்டாம் என்றே பதில் கொடுங்கள்.

2. அடாப்டரைப் பாருங்கள். மேசை மேல் வைக்கும் டிரைவ்கள் பலவற்றுக்கு 12 வோல்ட் தேவை. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்களின் பின்னும் அதே அளவில் இருப்பதால், வீடு பெருக்கித் துடைக்கும்போது மாற்றிச் செருகிவிட வாய்ப்பு உண்டு. அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், டிரைவின் அடியில் உள்ள லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதில் குறிப்பிட்டதைவிடக் குறையக் கூடாது. அடாப்டர் பலவீனமானால் விளக்கு எரியும். உள்ளே டிஸ்க் சுழலாது.

3. காது கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ரீங்காரம் வந்தால் டிஸ்க் சுழல்கிறது. 'டிக்... டிக்...' என்று ஒரே மாதிரி தட்டும் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது டிஸ்க்கே பழுதாவதன் அறிகுறி. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது சேதத்தை அதிகப்படுத்தும். வேறெங்கும் நகல் இல்லாத படங்கள் அதில் இருந்தால், டேட்டா மீட்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள்.

4. வரிசை முறையில் ஆன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழிக்கும். ரவுட்டர் தயாராகும் முன்பே டிரைவ் முகவரி கேட்டு, கிடைக்காமல், 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணில் இருக்கும் வரை வீட்டிலுள்ள மற்ற கருவிகள் அதைப் பார்க்க முடியாது. எனவே மூன்றையும் முறைப்படி அணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்: முதலில் ரவுட்டர், அதன் விளக்குகள் நிலையானதும் டிரைவ், இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கம்ப்யூட்டர். இது ஒன்றிலேயே பல வீடுகளில் காரியம் முடிந்துவிடும்.

5. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, வீடு முழுக்க வைஃபையில் கிடைப்பது ஒரு வகை; கடைகளில் இதை 'நாஸ்' என்பார்கள். ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய சாதாரண ஹார்டு டிஸ்க் இன்னொன்று. ஆப்பிள் 2008 முதல் 2018 வரை விற்ற டைம் கேப்சூலில் ரவுட்டரும் டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சீகேட் வயர்லெஸ் பிளஸ், டபிள்யூடி மை பாஸ்போர்ட் வயர்லெஸ் போன்ற கையடக்க டிரைவ்கள் தாமே ஒரு வைஃபையை உண்டாக்குபவை. அவற்றைத் தேட, கம்ப்யூட்டரின் வைஃபை பட்டியலில் முதலில் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு தேடினால், அதற்கென்று அமைத்திருந்தால் ஒழியக் கிடைக்காது.

6. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தானா? விருந்தினருக்கென்று வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் டிரைவ் தெரியாது. வீட்டுக் கருவிகளை மறைப்பதற்காகவே அந்த இணைப்பு. நெட் போன நேரத்தில் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிட்டு, திரும்பி வர மறந்திருந்தாலும் இதே கதைதான்.

7. வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா? ஃபைபர் இணைப்புக்காரர் வைத்த பெட்டி ஒன்று, மாடிக்கு எட்டவில்லை என்று நாம் வாங்கியது ஒன்று. கம்ப்யூட்டரின் எண் 192.168.0 என்றும் டிரைவின் எண் 192.168.1 என்றும் தொடங்கினால், அவை இரண்டு தனித்தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

8. கேபிளை மாற்றிப் பாருங்கள். லேன் கேபிள் 'கிளிக்' என்று உட்கார வேண்டும். செருகிய இடத்தில் சிறு விளக்கு மின்ன வேண்டும். மின்னாவிட்டால் ரவுட்டரில் அடுத்த துளையில் செருகுங்கள். பிறகு கேபிளையே மாற்றுங்கள். பூட்டும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்த கேபிள் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் லேசாக அசைந்தாலே இணைப்பு விட்டுப்போகும்.

9. ரவுட்டரையே கேளுங்கள். பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்தால் அதன் பக்கம் திறக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது பொதுவான எண். ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கும். உள்ளே போய், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தேடலைப் பாதியாகக் குறைக்கும் இடம் இதுதான். டிரைவின் பெயர் அதில் இருந்தால், டிரைவும் ரவுட்டரும் பேசிக்கொள்கின்றன; கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். பெயர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைக் குடைந்து பயனில்லை; மேலே சொன்ன 2 முதல் 8 வரை மறுபடி பாருங்கள்.

10. பெயரை விட்டு எண்ணால் தேடுங்கள். ரவுட்டர் பட்டியலில் டிரைவுக்கு நேரே உள்ள ஐபி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில், விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் \\192.168.1.20 என்பது போல இரண்டு பின்சாய்கோடு போட்டு உங்கள் எண்ணை அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' சென்று எண்ணைக் கொடுங்கள். டிரைவ் திறந்துவிட்டால் நிம்மதி: கோப்புகள் இருக்கின்றன, கம்ப்யூட்டருக்குப் பெயர் மட்டும்தான் எட்டவில்லை.

11. எண்ணை நிரந்தரமாக்குங்கள். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தருகிறது. வாடகை வீடு மாறிப் போனவரைப் பழைய முகவரியில் தேடுவது போல, எண் மாறியது தெரியாமல் பேக்கப் மென்பொருள் பழைய எண்ணிலேயே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் டிரைவுக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது.

12. விண்டோஸில் 'பிரைவேட்' என்று வையுங்கள். புது வைஃபையில் இணையும்போது விண்டோஸ் அதை 'பப்ளிக்', அதாவது பொது இடம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. அப்போது பக்கத்துக் கருவிகளைத் தேடாது. ரவுட்டரையோ வைஃபை பெயரையோ மாற்றியபின் டிரைவ் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வீட்டு வைஃபையைப் 'பிரைவேட்' ஆக்குங்கள். ஷேரிங் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி' ஆன் ஆகியிருக்கட்டும். கடை, ரயில் நிலையம், ஹோட்டல் வைஃபைகளுக்கு 'பப்ளிக்' என்பதே பாதுகாப்பு, அவற்றை மாற்றாதீர்கள்.

13. விபிஎன், ஆன்ட்டிவைரஸ், மேக் அனுமதி. அலுவலக விபிஎன் ஓடும்போது வீட்டுக் கருவிகள் மறைந்துபோவது சகஜம். துண்டித்துவிட்டுத் தேடிப் பாருங்கள். ஆன்ட்டிவைரஸோடு வரும் ஃபயர்வாலை ஒரு நிமிடம் நிறுத்திச் சோதிக்கலாம். சோதித்ததும் ஆன் செய்துவிட்டு, டிரைவுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். மேக்கில், 2024-ல் வந்த சிகோயா பதிப்பு முதல், ஒவ்வொரு ஆப்பும் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் மறுத்திருந்தால், சிஸ்டம் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதில் பேக்கப் ஆப்புக்கு அனுமதி கொடுங்கள்.

14. பழைய டிரைவ், புதிய கம்ப்யூட்டர். கோப்புகளைப் பரிமாறக் கம்ப்யூட்டரும் டிரைவும் பேசும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகமெங்கும் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அந்தப் பழைய முறையை இயல்பாக நிறுவுவதில்லை. ஆகவே பழைய முறை மட்டுமே தெரிந்த டிரைவ், புது லேப்டாப்பில் தெரியாது. டிரைவின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3 இருந்தால் தேர்ந்தெடுங்கள். அந்த வசதியே இல்லாத டிரைவா? கோப்புகளை வெளியே எடுக்கும் வரை மட்டும் பழைய முறையை விண்டோஸில் இயக்கி, எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். டைம் கேப்சூல் வைத்திருப்போரும் மாற்று ஏற்பாட்டை இப்போதே தொடங்குவது நல்லது: அது நம்பியிருக்கும் ஏஎஃப்பி முறையை மேக்கிலிருந்து நீக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்திருக்கிறது.

15. பாஸ்வேர்டு குழப்பம். டிரைவ் தெரிகிறது, திறக்க மறுக்கிறது என்றால் இதைப் பாருங்கள். டிரைவுக்கென்று வைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேறு, கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் வேறு. விண்டோஸின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்', மேக்கின் 'கீசெயின்' இரண்டிலும் பழைய பாஸ்வேர்டு சேமிப்பில் இருந்தால் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறந்துவந்த டிரைவை, விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு ஏற்காது. டிரைவில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

16. தூக்கமும் தூரமும். வேலையில்லாத நேரத்தில் டிஸ்க் சுழல்வதை நிறுத்தித் தூங்கிவிடும். எழுந்து பதில் சொல்லச் சில விநாடிகள் ஆகும். முதல் தடவை கிடைக்கவில்லை என்றால் அரை நிமிடம் பொறுத்து மறுபடி திறந்து பாருங்கள். பேக்கப் பாதியில் டிரைவ் மறைந்தால் வைஃபை பலம் போதாமல் இருக்கலாம். பெரிய முதல் பேக்கப்பை லேன் கேபிளில் எடுத்துவிடுங்கள். 500 ஜிபி கோப்புகள், விநாடிக்கு 12 எம்பி வேகமுள்ள வைஃபையில் 11 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விநாடிக்கு 100 எம்பி போகும் கேபிளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பிறகு அன்றாடம் சேர்பவற்றுக்கு வைஃபை போதும்.

17. கிடைத்ததும் மூன்று வேலை. முதலாவது, பேக்கப்பிலிருந்து பழைய படம் ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். 'பேக்கப் முடிந்தது' என்ற செய்தியைவிட, திறந்து பார்த்த ஒரு படமே நம்பகமான சாட்சி. இரண்டாவது, வெளியூரிலிருந்து டிரைவைத் திறக்கும் வசதி தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். 2021 ஜூனில், இணையத்தோடு நேரடித் தொடர்பில் இருந்த டபிள்யூடி மை புக் லைவ் டிரைவ்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. அவை 2015-க்குப் பிறகு புதுப்பிப்பு பெறாதவை. பலருடைய பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போனது. மூன்றாவது, டிரைவின் மாடல், ஐபி எண், யூசர்நேம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் ஃபைலில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்தே சரிசெய்துகொள்வார்கள்.

இந்தப் பதினேழையும் பார்த்து டிரைவ் திரும்பக் கிடைத்த பிறகும் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு இடத்தில் இருக்கும் கோப்புக்கு பேக்கப் இல்லை என்றே கணக்கு, அந்த இடம் பேக்கப் டிரைவாகவே இருந்தாலும். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று படங்களை டிரைவுக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் அழித்துவிடுகிறோம். அதன்பின் டிரைவில் இருப்பதுதான் மூலப்பிரதி. மொத்தம் மூன்று பிரதிகள், அவை இரண்டு விதமான சாதனங்களில், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே என்பது டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. டிரைவ் திறந்த அன்றே ஒரு சாதாரண யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் முக்கியமானவற்றை நகலெடுத்து, உடன்பிறந்தவர் வீட்டிலோ பெற்றோர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அடுத்த முறை டிரைவ் காணாமல் போனால் நிதானமாக, முதல் குறிப்பிலிருந்து தேடத் தொடங்கலாம்.