அணைக்குக் கீழே குளிர்கால டிரௌட்: ஜிக் தூண்டிலும் நீரின் வெப்பநிலையும்

அமெரிக்க நாட்டில் ஆர்க்கன்சா மாநிலத்தின் வடபகுதியில், ஓசார்க் குன்றுகளிடையே ஒயிட் ஆறு ஓடுகிறது. சனவரி மாதக் காலைப்பொழுதில் அதன் கரையில் நிற்போரை ஒரு காட்சி வியப்பில் ஆழ்த்தும். கரையிலுள்ள புல்லின்மேல் வெண்பனி உறைந்து கிடக்கும். ஆற்றின் மேற்பரப்பிலிருந்தோ, கொதிகலத்தினின்று எழுவதுபோல ஆவி எழுந்த வண்ணம் இருக்கும். அந்த ஆவியினூடே, முழங்காலளவு நீரில் நீர்புகா உடையணிந்து நின்று, மெல்லிய தூண்டிற்கோலால் டிரௌட் மீன் பிடிப்போரைக் காணலாம். அவர்களுடைய தங்கூசியின் நுனியில் கட்டப்பெற்றிருப்பது புழுவன்று, இரைமீனுமன்று. ஒரு கிராம் எடைகூட இல்லாத ஓர் ஈயத்தலையும் சிறிது இறகுமே ஆகும். அதனை ஜிக் என்பர்.

டிரௌட் குளிர்ந்த மலையோடைகளுக்குரிய மீன். ஓசார்க் பகுதியிலோ கோடைக்காலக் காற்றின் வெப்பம் 30 பாகை சென்டிகிரேடுக்கு மேற் செல்வது வழக்கம். அணை எழுமுன் அவ்வாற்றில் வாழ்ந்தவை வெந்நீர் இனங்களே. அங்கே டிரௌட் எவ்வாறு வந்தது, அதுவும் மாரிக்காலத்தில் எவ்வாறு சுறுசுறுப்பாய் இரையெடுக்கிறது என்னும் வினாக்களுக்கு விடை அணையின் அடியில் இருக்கிறது.

அடியிலிருந்து வரும் நீர்

ஒயிட் ஆற்றின் கிளையான நார்த் போர்க்கின் குறுக்கே நார்ஃபோர்க் அணை 1944இல் கட்டி முடிக்கப்பெற்றது. ஒயிட் ஆற்றின் குறுக்கே எழுந்த புல் ஷோல்ஸ் அணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1952இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெள்ளத் தடுப்பும் மின் உற்பத்தியும் இவற்றின் நோக்கங்கள். சுழலிகளுக்கு நீர் செல்லும் வாயில்கள் நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பில் இல்லை, ஆழத்தில் உள்ளன. இவ்வொரு செய்தியே பின்வருவன அனைத்துக்கும் அடிப்படையாகும்.

வேனிற்காலத்தில் ஞாயிற்றின் வெப்பம் தேக்கத்தின் மேலுள்ள சில மீட்டர் நீரையே சூடாக்குகிறது. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்தது. 25 பாகையில் ஒரு லிட்டர் நீர் 997 கிராம் எடையுள்ளது. 8 பாகையில் ஏறத்தாழ 999.8 கிராம். மூன்று கிராமுக்கும் குறைவான இவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றினும், காற்று எவ்வளவு வீசினும் மேல்நீரும் அடிநீரும் கலவாமல் தடுக்க அது போதும். ஆகவே ஆழமான தேக்கம் கோடை முழுவதும் இரண்டடுக்காகவே நிற்கிறது. இரண்டுக்குமிடையே ஒரு மெல்லிய மாறுபடலம் உண்டு. நீந்துவோர் காலை ஆழத்தில் நீட்டும்போது திடீரெனக் குளிர்வதை உணர்வது இப்படலத்தினால்தான்.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் ஒரு பொதுவான பிழையைத் தவிர்த்தல் வேண்டும். ஏரியின் அடிநீர் எப்போதும் 4 பாகையிலேயே இருக்கும் என்று பல பாடநூல்கள் கூறுவதுண்டு. மேற்பரப்பு உறையுமளவு குளிரும் வடநாட்டு ஏரிகளுக்கே அது பொருந்தும். புல் ஷோல்ஸ் போன்ற இடங்களில் தேக்கம் உறைவதில்லை. சென்ற மாரியில் நீர் முழுவதும் கலந்தபோது எவ்வெப்பநிலை இருந்ததோ, அதனையே அடிநீர் ஒரு சேமிப்பைப்போல் அடுத்த கோடைக்கும் கொண்டு செல்கிறது. இதனால் அணைக்குக் கீழுள்ள ஆற்றின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6 முதல் 14 பாகை வரையிலேயே அடங்கி நிற்கிறது. கோடையில் அது காற்றைவிடக் குளிர்ந்தது, மாரியில் காற்றைவிட வெதுவெதுப்பானது. சனவரிக் காலையில் எழும் ஆவியின் காரணம் இதுவே.

குளிரும் மீனின் உடலும்

மீன் தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிரன்று. நீரின் வெப்பமே அதன் வெப்பம். டிரௌட் 10 முதல் 16 பாகை வரையுள்ள நீரில் நன்கு உண்டு வளரும். 21 பாகையைக் கடந்தால் அல்லலுறும். 25 பாகையையொட்டி அதன் உயிருக்கே இடர் நேரும். மறுபுறம் 4 பாகைக்குக் கீழே செரிமானம் மந்தமாகி, மீன் ஆழ்குழியில் அசையாது கிடக்கும். மலையோடைகளில் மாரிக்காலத் தூண்டில் பெரும்பாலும் வீணாவது இதனாலேயே. அணைக்குக் கீழுள்ள ஆற்றிலோ நீர் 7 அல்லது 8 பாகையில் நிற்பதால், மீன் உண்கிறது. ஆனால் விரைந்து துரத்தி உண்பதில்லை. ஒரு கவளத்துக்காகத் தான் செலவிடும் ஆற்றல் அக்கவளம் தரும் ஆற்றலைவிட மிகாதவாறு, வாயருகே வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். தூண்டிற்காரரின் கலை முழுவதும் இந்தச் சிக்கனத்தை அறிந்து நடப்பதேயாகும்.

அணையடி ஆறுகளில் சிற்றுயிர்களின் இனங்கள் குறைவு, எண்ணிக்கையோ மிகுதி. கொசுவை ஒத்த கைரோனோமிட் ஈக்களின் புழுக்களும், ஆம்பிபாடு, ஐசோபாடு என்னும் சிறு ஓட்டுடலிகளும் கற்களிடையிலும் பாசியிலும் திரளாக உள்ளன. இவையன்றி மாரியில் ஒரு பெருவிருந்தும் நேர்வதுண்டு. தேக்கத்தில் வாழும் இழைத்துடுப்பு ஷாட் என்பது மத்தி, உல்லம் ஆகியவற்றுக்கு உறவான வெள்ளிநிறச் சிறுமீன். தென்பகுதி நீர்களுக்குரிய இம்மீன் குளிரைத் தாங்காது. நீர் 7 பாகைக்குக் கீழே இறங்கின் தளர்ந்து, 5 பாகையை அணுகுங்கால் கூட்டங்கூட்டமாக மடியும். தளர்ந்த மீன்கள் ஆழத்து வாயில்களின் வழியே இழுக்கப்பட்டுச் சுழலிகளைக் கடந்து ஆற்றில் வந்து விழுகின்றன. கடுங்குளிர் வாய்த்த ஆண்டுகளில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், கீழேயுள்ள டிரௌட்டுகள் இவற்றை வயிறு புடைக்க உண்ணும். அந்நாட்களில் வெள்ளை நிற ஜிக் தவிர வேறெதனையும் அவை ஏறிட்டும் பாராமை இதனால் விளங்கும்.

ஜிக்கின் அமைப்பு

சாதாரணத் தூண்டில் முள்ளின் துளை தண்டின் நேர்க்கோட்டிலேயே இருக்கும். ஜிக்குக்குரிய முள்ளிலோ, துளைக்குச் சற்று முன்னர்த் தண்டு செங்கோணமாக வளைக்கப்பட்டிருக்கும். வளைவைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்து, உருண்டையான தலை அமைப்பர். துளை தலையின் உச்சியில் நிற்கும். தண்டின்மேல் மராபு எனப்படும் பஞ்சுபோன்ற இறகைக் கட்டுவர். முற்காலத்தில் இது மராபு நாரையினின்று பெறப்பட்டது. இக்காலத்தில் பெரும்பாலும் வான்கோழியின் மென்னிறகே.

இவ்வமைப்பினால் மூன்று பயன்கள் உண்டு. எடை துளைக்கு நேர்கீழே இருப்பதால் ஜிக் நீரில் கிடைமட்டமாக, ஒரு சிறுமீன் நிற்பதுபோல், தொங்கும். முள்ளின் கூர்நுனி மேல்நோக்கி நிற்பதால் ஆற்றடிக் கற்களில் சிக்குவது குறையும். கோலின் நுனியைச் சிறிது உயர்த்தினால் தலை மேலெழும், தாழ்த்தினால் தலை முன்னதாகக் கீழிறங்கும். ஒவ்வோர் அசைவிலும் இறகின் இழைகள் மூடித் திறந்து, உயிருள்ள பொருள் மூச்சுவிடுவதுபோலத் தோன்றும். நீரோட்டம் ஒன்றே இறகை அசைக்கப் போதுமாதலின், தூண்டிற்காரர் ஏதும் செய்யாதிருப்பதே பல வேளைகளில் நன்று. புதியோர் செய்யும் தவறு ஓயாது ஆட்டுவதுதான்.

எடை அவுன்சின் பின்னங்களாகக் குறிக்கப்பெறும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்பது 0.89 கிராம், பதினாறில் ஒரு பங்கு 1.77 கிராம். நீர் குறைவாகவும் மெதுவாகவும் ஓடும்போது முன்னதும், ஓட்டம் மிகும்போது பின்னதும் அதனினும் கனத்தவையும் ஏற்றவை. தங்கூசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவாக நீர் அதனை இழுக்கும். இலேசான ஜிக்கும் அடியை எட்டும். ஆகவே நான்கு இராத்தல் வலிமையுள்ள மெல்லிய தங்கூசியே பெரிதும் வழங்குகிறது.

இதன் ஆற்றலைக் குறைவாக மதிப்பிட வேண்டா. 1992ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், அதே மாநிலத்தில் கிரீர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழேயுள்ள லிட்டில் ரெட் ஆற்றில், 40 இராத்தல் 4 அவுன்சு எடையுள்ள பழுப்பு டிரௌட் ஒன்று பிடிபட்டது. அதனைப் பிடித்தது அவுன்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக்கும் நான்கு இராத்தல் தங்கூசியுமே. அந்நாளில் அது உலகச் சாதனை. பிற்காலத்தில் வேறிடங்களில் அதனை மிஞ்சிய மீன்கள் பிடிபட்டுள்ளன.

குளிர்காலத்தில் மிகுதியும் கையாளப்படும் முறை, தக்கையின் கீழே ஜிக்கைத் தொங்கவிட்டு மிதக்கவிடுவதாகும். இங்கே நீரியல் பாடமொன்று உண்டு. ஆற்றின் மேற்பரப்பு விரைந்தும், அடிநீர் உராய்வினால் மெதுவாகவும் ஓடுகிறது. டிரௌட் கிடப்பது அடியில். தக்கை மேல்நீரோடு விரைந்தால், அதன் கீழேயுள்ள ஜிக்கும் அடிநீரைவிட விரைவாக இழுபடும். சோம்பியிருக்கும் மீன் அதனைப் பின்தொடராது. எனவே தங்கூசியை அவ்வப்போது நீரினின்று தூக்கி மேலோட்டப் பக்கமாக வளைத்துப் போட்டு, தக்கையின் வேகத்தைத் தணிப்பர். ஜிக் அடிக்கற்களுக்கு ஒரு சாண் மேலே செல்லுமாறு ஆழத்தை அமைத்தல் நன்று. மீன் கவ்வுவது பெரிய இழுப்பாகத் தெரியாது. தக்கை ஒரு நொடி தயங்குவதே அடையாளம்.

ஈயத்தைப் பற்றி ஒரு சொல். அறுந்து நீரில் விழும் சிறு ஈயக்குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கற்களென விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஓர் அவுன்சும் அதற்குக் குறைவுமான எடையுள்ள ஈய ஜிக்குகள் தடை செய்யப்பட்டுள்ளன. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிக்கது; விலை கூடுதலாயினும் அதே எடைக்குத் தலை சிறியதாய் அமையும்.

பிராணவாயுவும் பருவமும்

அணைக்குக் கீழே மாரிக்காலம் சிறப்பதற்கு வெப்பநிலை மட்டும் காரணமன்று. கோடையில் மாறுபடலத்தின் கீழே அடைபட்ட நீருக்குக் காற்றின் தொடர்பு இல்லை. அங்கே மக்கும் பொருள்கள் பிராணவாயுவை மாதந்தோறும் தின்று தீர்க்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சுழலிகளின் வழியே வரும் நீர் குளிர்ந்திருப்பினும், டிரௌட்டுக்கு வேண்டிய லிட்டருக்கு 6 மில்லிகிராம் பிராணவாயு அதில் இல்லாமற் போவதுண்டு. சுழலிகளில் காற்றைப் புகவிட்டும், நீர் வெளியேறும் அளவைக் கட்டுப்படுத்தியும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றனர். பின்னர் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, தேக்கம் முழுவதும் ஒன்றாகக் கலக்கிறது. 8 பாகையில் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 11.8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளவல்லது. சனவரியில் ஆறு மீண்டும் உயிர்க்கிறது.

இந்நாட்டுக் களப்பணியாளர்கள் ஓர் அணையின் கீழே மீனிருப்பை மதிப்பிடும்போது வெப்பமானியை மட்டும் நம்பலாகாது. விங்க்லர் முறையால் பிராணவாயுவையும் அளந்தறிதல் வேண்டும், அதுவும் ஆண்டில் ஒருமுறையன்று. ஆற்றோட்டத்தை அவ்வப்போது சுரங்கத்தின் வழியே திருப்பிவிடும் மலைநாட்டு நீர்மின் அணைகளில் ஆழ்தேக்கமே இல்லை; அங்கே இவ்வடுக்குநிலை உண்டாவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இழப்பும் ஈடும்

ஒயிட் ஆற்றில் அணை எழுமுன் சிறுவாய்ப் பாஸ் முதலிய மீன்கள் செழித்திருந்தன. குளிர்நீர் அவற்றை ஒழித்தது. 1948இல் நார்ஃபோர்க் அணைக்குக் கீழே டிரௌட் விடப்பட்டது. அவ்விழப்புக்கு ஈடாக நார்ஃபோர்க் தேசிய மீன்பொரிப்பகம் 1957 முதல் பணியாற்றி வருகிறது. அங்கே பிடிக்கப்படும் வானவில் டிரௌட்டுகளுட் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் வளர்ந்தவையே. ஆண்டுதோறும் மீன்விடாமல் அவ்வாற்றின் தூண்டில் தொழில் நில்லாது. இதனை வெற்றி என்பதா, ஓர் ஆற்றை இழந்து வேறோர் ஆற்றைப் பெற்றது என்பதா? பின்னதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

பழுப்பு டிரௌட்டோ அங்கே தானாகவே இனம்பெருக்குகிறது. அதன் முட்டையிடும் காலம் மாரியின் தொடக்கம். பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழிசெய்து முட்டையிட்டு மூடும். நீர் 7 பாகையளவில் இருப்பின் குஞ்சு பொரிய இரண்டு மாதமாகும். அதற்குள் மின் உற்பத்தி நின்று நீர் இறங்கினால் சரளை காய்ந்து முட்டைகள் அழியும். தூண்டிற்காரர் மிதித்தாலும் அழியும். புல் ஷோல்ஸ் அணையையொட்டிய பகுதியில் நவம்பர் முதல் சனவரி இறுதிவரை பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டுமென விதியுள்ளது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசம் இதனினும் கண்டிப்பானது: நவம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை டிரௌட் நீர்களில் தூண்டிலே கூடாது. ஆகவே இக்கட்டுரையிற் கூறிய குளிர்காலத் தூண்டிலை பியாஸ் ஆற்றிலோ தீர்த்தன் ஆற்றிலோ எவரும் பயிலலாகாது.

நீர் ஏறும் வேளை

அணைக்குக் கீழுள்ள ஆறு மழையின்றியே பெருகும். நகரங்களில் மின்தேவை மிகுந்தவுடன் சுழலிகள் இயங்கும். முழங்காலளவு நீர் சிறிது நேரத்தில் ஆளுயரம் ஆகும். நீர்விளிம்பிலுள்ள ஒரு கல்லைக் குறிவைத்து, அது நனைந்தவுடனே கரையேறிவிடுவது அங்குள்ளோர் வழக்கம். நடு ஆற்றுத் திட்டில் நிற்பவர்க்கு இடையிலுள்ள பள்ளமே முதலில் நிரம்பும் என்பதை அவர்கள் அறிவர். 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்றிருந்த ஐதராபாத்துப் பொறியியல் மாணவர்கள், மேலேயுள்ள லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். மாணவர் இருபத்துநால்வர் உயிரிழந்தனர். மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மேலே அணை உண்டா, நீர் திறக்கும் நேரம் யாது என்பவற்றை உரிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் வேண்டும். கரையிலும் ஒருவரை மேலோட்டப் பக்கம் நோக்கி நிற்கச் செய்க.

வகுப்பறையில் காட்ட

உயரமான கண்ணாடிச் சாடியொன்றில் பாதியளவு சாதாரண நீரை ஊற்றுக. பனிக்கட்டியிட்டுக் குளிர்வித்து, நீலமோ மையோ கலந்த நீரை, புனலும் இரப்பர்க் குழாயும் கொண்டு மெதுவாக அடியில் செலுத்துக. இரண்டடுக்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். மேற்பரப்பை ஊதினால் அலையெழும், நிறம் கலவாது. இனி, குழாயைத் தூம்பாக அமைத்து அடியிலிருந்து சிறிது நீரை வேறு கிண்ணத்தில் வடித்து வெப்பமானியால் அளந்தால், அணையடி ஆற்றின் கோடைநிலை விளங்கும். பின்னர் மேற்பரப்பில் பனிக்கட்டித் துண்டுகளை மிதக்கவிட்டுப் பொறுத்திருந்தால், குளிர்ந்த மேல்நீர் இழையிழையாகக் கீழிறங்கி அடுக்கைச் சிறிது சிறிதாகக் கலைக்கும். இதற்கு அரைமணி நேரமாவது ஆகும். ஆகையால் பாடத்தின் தொடக்கத்திலேயே பனிக்கட்டியை இட்டுவைத்தல் நன்று.