ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஒரு நவம்பர் சனிக்கிழமை நானும் மச்சினனும் வழி தவறினோம். ஏழு மணி நேரம் கழித்து மீட்புக் குழு எங்களைக் கண்டுபிடித்த இடம், பாதையிலிருந்து அறுநூறு மீட்டர்கூட இல்லை. பாலைவனத்தில் தொலைந்துபோக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

நாங்கள் போனது வில்லோ ஹோல் பாதை. போய்வர 11 கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 'சாயங்கால வாக்கிங் மாதிரிதான்' என்று நினைத்துப் பகல் பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். இருவருக்குமாக இரண்டரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் புளியோதரை, பருத்திச் சட்டை. அவ்வளவுதான்.

பாதையின் பெரும்பகுதி மணல் ஓடை. மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் படுகை. அங்கே 'வாஷ்' என்பார்கள். இருபுறமும் வீடு உயரத்துக்குக் கருங்கல் பாறைகள். போகும்போது ஓடை இறங்கும் திசையில் நடக்கிறோம்; பக்கத்து ஓடைகள் வந்து சேர்வது கண்ணில் படுவதே இல்லை. திரும்பும்போது அந்தச் சேர்க்கை ஒவ்வொன்றும் ஒரு பிரிவாக எதிரே நிற்கிறது. எல்லாம் ஒரே மணல், ஒரே பாறை.

ஓரிடத்தில் காய்ந்த கிளைகள் வரிசையாகக் குறுக்கே கிடந்தன. மச்சினன் நின்றான்.

"அத்தான், இந்தக் கட்டை வரும்போது கெடந்துச்சா?"

"கெடந்திருக்கும், நட மாப்ள."

தாண்டிவிட்டோம். 'இந்தப் பக்கம் பாதை இல்லை' என்று சொல்லத்தான் பூங்காக்காரர்கள் அப்படிக் கிளைகளையும் கற்களையும் வரிசையாகப் போடுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. உள்ளே காலடித் தடங்கள் இருந்தன, நம்பிப் போனோம். அவை பாறையேறுகிறவர்களின் தடங்கள். ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் முடிந்தன.

அதற்கு முந்தைய வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். என் மனக்கணக்கு பழைய நேரத்திலேயே இருந்தது. நாலே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. நான் விடாமல் முயன்று பேட்டரியைத் தீர்த்தேன். மச்சினன் தன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்தான்.

பாறை மேல் ஏறிப் பார்க்கிறேன் என்று நான் எழுந்தபோது அவன் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க அத்தான். அக்காகிட்ட சீட்டு இருக்குல்ல."

கிளம்பும் முன் என் மனைவி வற்புறுத்தி எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டு அது. பாதையின் பெயர், கார் எண், 'எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் 911'. எழுதும்போது சிரித்தேன்.

பகலில் சட்டை வியர்வையில் நனைந்தது. இரவில் அதே சட்டை ஐஸ் துணியாக ஒட்டியது. வெறும் மணல் உடம்புச் சூட்டை உறிஞ்சுவதால் பைகளை விரித்து அவற்றின்மேல் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். வெயிலுக்குக் கண்ணாடியில் வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பு காரிலேயே கிடந்தது. போர்த்திக்கொள்ள அதைவிட நல்லது வேறில்லை.

மனைவி எட்டு மணிக்கு அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தாள். கார் எங்கே, சட்டை என்ன நிறம், தண்ணீர் எவ்வளவு, மருந்து எடுப்பவர்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ரேஞ்சர்கள் முதலில் காரைக் கண்டார்கள். அங்கிருந்து தேடல் தொடங்கியது.

பதினொரு மணிவாக்கில் தூரத்தில் குரல் கேட்டது. தொண்டை வறண்டு எங்களால் கத்த முடியவில்லை. மச்சினன் பையின் நெஞ்சுப்பட்டைக் கொக்கியை வாயில் வைத்து ஊதினான். அது விசில் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பாறைகளில் எதிரொலித்ததால் திசை பிடிபடவில்லை. அவன் மிச்சம் பிடித்து வைத்திருந்த போனின் டார்ச்சை எதிர்ப் பாறையில் அடித்தோம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். திட்டவில்லை. "ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதுவே பெரிய உதவி" என்றார் ஒருவர். மீட்புக்குக் கட்டணமும் கேட்கவில்லை.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவை:

• சந்தேகம் வந்த இடத்திலேயே நிற்பேன். உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு நன்றாக நினைவிருந்தால் மட்டும் திரும்புவேன், இல்லையேல் உட்கார்ந்துவிடுவேன்.

• ஓடை பிரியும் இடத்தில் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுப்பேன். வரும்போது தெரியப்போவது அந்தக் காட்சிதான்.

• பாலைவனத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர். பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும். வழி தவறினால் தாகத்தை அடக்கித் தண்ணீரைச் சேமிப்பதில் பயனில்லை. வெயிலில் அலையாமல் வியர்வையைச் சேமிக்க வேண்டும்.

• தலைவிளக்கு, விசில், வெள்ளித்தாள் போர்வை, ஆஃப்லைன் வரைபடம். சோயா கள்ளியின் முள் தைத்தால் நெம்பி எடுக்க ஒரு சீப்பு. கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும்.

• மூன்று முறை விசில் என்றால் உதவி கேட்பதாக அர்த்தம். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம். ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். இடுக்குகளில் அதை நம்பி இருக்கக் கூடாது.

இவற்றில் எதை மறந்தாலும் சீட்டை மறக்காதீர்கள். எந்தப் பாதை, எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு உதவி கேட்க வேண்டும். நான்கு வரிதான். எழுதி, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.