மனையும் வரியும்: திருவையாற்று வட்டார ஊராட்சிகளில் வீட்டுவரி

காவிரிப் படுகையில் நிலத்துக்குரிய தீர்வையை அறியாதார் இலர். பசலி, கிஸ்தி, அடங்கல் ஆகிய சொற்கள் உழவர் நாவில் நாள்தோறும் வழங்குபவை. ஆனால், குடியிருக்கும் வீட்டுக்குச் செலுத்தும் வரி யாருக்குச் செல்கிறது, எதற்குப் பயன்படுகிறது, அதன் ரசீது எதை மெய்ப்பிக்கிறது என்று வினவினால் கற்றவரும் தயங்குவர். இத்தயக்கத்தால் ஏழை எளியோர் அடையும் இழப்பு சிறிதன்று. ஆதலின் வீட்டுவரியின் வரலாற்றையும் நடைமுறையையும் இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

வரலாற்றில் மனை

அரசன் அளவறிந்து வரி கொள்ள வேண்டும் என்பது தமிழரின் தொன்மையான கொள்கை. தானே வயலுள் புகுந்த யானை உண்பதைவிட அதன் கால்பட்டு அழிவதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்திய புறநானூற்றுப் பாடலை நாம் நன்கறிவோம்.

திருவையாற்றுக்கு அண்மையிலுள்ள தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்கு அளித்த ஊர்களின் மொத்த நிலத்தை அளந்து கூறும் அவை, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்த பின்னரே இறை கட்டும் நிலத்தைக் கணக்கிடுகின்றன. மக்கள் குடியிருக்கும் இடம் விளைநிலத்தைப் போல இறுக்கத் தக்கதன்று என்பது அக்கணக்கின் உட்பொருள். எனினும் சோழர் காலக் கல்வெட்டுகளில் மனையிறை, தறியிறை, செக்கிறை போன்ற பெயர்களும் வருகின்றன. நத்தம் என்னும் அச்சொல் இன்றும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வழங்குவது எண்ணி மகிழத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1871ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி நிதிச் சட்டம் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக வீட்டுவரி விதிக்க வழிசெய்தது. மக்கள் அதனை விரும்பவில்லை. பின்னர் 1884ஆம் ஆண்டின் சட்டம் ஊர்களைத் தொகுத்து யூனியன்களை அமைத்து, தூய்மை, விளக்கு முதலிய பணிகளுக்காக வீட்டுவரியை நிலைநிறுத்தியது. தொலைவிலுள்ள அரசின் கருவூலத்துக்கன்றி, வரி கொடுத்த ஊருக்கே அவ்வரி திரும்புதல் வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இன்றைய நடைமுறை

நிலத்தீர்வையும் வீட்டுவரியும் வெவ்வேறு. தீர்வை அரசின் வருவாய்த்துறைக்கு உரியது. கிராம நிர்வாக அலுவலர் அதனைத் தண்டுவார். வீட்டுவரியோ ஊராட்சிக்கு உரியது. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், வரி விதிக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் அளிக்கலாம் என்றது. அதன்வழி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, சிற்றூராட்சிகளில் வீட்டுவரியை விதிக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளிலோ இதற்கு இணையானது சொத்துவரி எனப்படும். அதன் சட்டமும் வீதமும் வேறு. ஆகவே, ஓர் ஊர் அருகிலுள்ள நகரத்தோடு இணைக்கப்படும்போது, அங்குள்ள வீடுகளின் வரி முறையும் மாறும் என்பதை மக்கள் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

வீட்டுவரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் தொடங்கும் அரையாண்டுகளுக்குச் செலுத்தத் தக்கது. வீட்டின் பரப்பு, கூரை, ஓடு, காரை எனும் கட்டட வகை ஆகியவற்றை நோக்கி வரி அமைகிறது. வரியைச் செலுத்தும் பொறுப்பு வீட்டின் உரிமையாளருடையது. வழிபாட்டிடங்கள் முதலிய சிலவற்றுக்கு விதிகளில் விலக்கு உண்டு. குடிநீருக்குச் செலுத்தும் தொகை கட்டணமேயன்றி வரியன்று. அதற்குத் தனி ரசீது பெறுதல் வேண்டும்.

நூலக வரி

வீட்டுவரி ரசீதில் நூலக வரி என்றொரு பகுதி உண்டு. வீட்டுவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் அது சேர்கிறது. எடுத்துக்காட்டாக, அரையாண்டு வீட்டுவரி 200 ரூபாய் எனக் கொள்வோம். நூலக வரி 20 ரூபாய். மொத்தம் 220 ரூபாய். ஓராண்டுக்கு 440 ரூபாய். இவ்வரிக்கு அடிப்படையான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதற்காகப் பெரிதும் உழைத்த சீ. இரா. அரங்கநாதன், அந்நாள் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். குடிசையில் வாழ்பவர் செலுத்தும் காசும் நூல்களாக மாறுகிறது என்பதை மாணவர் மறத்தலாகாது.

ரசீது தருவதும் தராததும்

இக்கட்டுரையின் இன்றியமையாத பகுதி இதுவே. வீட்டுவரி ரசீது, அவ்வீட்டுக்கு வரி செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்று. வீடும் மனையும் இன்னாருக்கு உரியவை என்பதற்கு முடிந்த சான்று அன்று. புறம்போக்கில் அமைந்த குடிசைக்கும் வரி விதிக்கப்படலாம். அதனால் மனை அவருக்கு உரித்தாகிவிடாது. உரிமையை நாட்டப் பட்டா, பதிவு செய்த பத்திரம் முதலியன வேண்டும். ரசீதை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்து, பட்டா பெறாது காலங்கழித்த குடும்பங்கள் பிற்காலத்தில் வழக்கில் துன்புறுவதைக் காண்கிறோம். தந்தை மறைந்தபின் அவர் பெயரிலேயே வரி செலுத்தி வருவதும் இத்தகைய தவறே. வாரிசுச் சான்றுடன் தாய் அல்லது மக்கள் பெயருக்கு வரியையும் பட்டாவையும் மாற்றிக்கொள்ளுதல் கடமை. கணவனை இழந்த பெண்டிருக்கு இது பெரும்பாதுகாப்பு.

இவ்வட்டாரத்தார் பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். பூட்டிய வீட்டுக்கும் வரி உண்டு. முன்பு நிலுவை சேர்ந்து தொல்லை தந்தது. ஊராட்சி வரிகளை இணையவழிச் செலுத்தும் வசதி 2023இல் வந்தபின் அத்தொல்லை குறையத் தொடங்கியுள்ளது. முறையான அறிவிப்பு வந்தும் ஊராட்சிக்கு நிலுவை வைத்திருப்பவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்க நேரும் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

கேட்கும் உரிமை

வரி மிகுதி எனக் கருதுவோர், அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் எழுத்து வாயிலாக மறு ஆய்வு வேண்டலாம். அதன்மேல் முறையீடும் உண்டு. வாய்மொழியாகக் குறைகூறி அமைதல் பயன் தராது. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வினவ வாக்காளர் அனைவருக்கும் உரிமை உண்டு. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுவதாக அமைந்துள்ளது. வரி செலுத்தியவர் அங்குச் சென்று, தெருவிளக்கு எரியாமையையும் வடிகால் தூர்ந்தமையையும் கணக்கோடு கேட்டல் வேண்டும். செலுத்தாதவர் கேட்கும்போது குரல் தாழ்வது இயல்பு. செலுத்தியும் கேளாதிருப்பது தம் பொருளைத் தாமே இழப்பதாகும்.

மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் உள்ளது, எந்த அரையாண்டுக்கு உரியது, நூலக வரி எவ்வளவு, பட்டாவில் அதே பெயர் உள்ளதா எனப் பெற்றோருக்கு எடுத்துரையுங்கள். எழுத்தறியா அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்று.